பாற்பாத்திரங்களிற் படியும் கறையும் அதனை நீக்கும் வகையும்

குடியானவர் ஒருவர் மாலையிற் கறந்த பாலைச் சுத்தமான கேனில் ஊற்றி வைத்து, விடியற்காலையில் சங்கத்துக்குக் கொண்டு செல்கிறார். அங்கே சிறிதளவு பாலைக் குழாயிலிட்டுக் கொதிக்க வைத்துப் பார்க்கையில் அது திரிந்து போகிறது. பால் திருப்பியனுப்பப்படுகிறது. மாட்டுக்குத் தீனியிற் குறைவில்லை. மடி கழுவியே கறக்கப்பட்டது. தண்ணீர் ஒரு துளியும் சேர்க்கப்படவில்லை. அவர் தீவனத்தின் மீதும், வெயிலின் மீதும், சில வேளைகளிற் பரிசோதகர் மீதும் குறை கூறுகிறாரேயன்றிப் பாத்திரத்தின் மீது ஐயங் கொள்வதில்லை. நாள்தோறும் கழுவப்படுவதும், பார்வைக்குப் பளபளப்பாக இருப்பதுமான பாத்திரத்தை ஐயுறுதல் யாருக்கும் எளிதன்று. ஆயினும் இவ்வித நஷ்டங்களிற் பெரும் பகுதிக்குக் காரணம் பாத்திரமே என்பது பாற்பண்ணைத் தொழிலில் நெடுநாட் பழகியவர்கள் கண்ட உண்மையாகும்.

நஷ்டம் ஒருவரோடு நிற்பதுமில்லை. சங்கத்தின் 40 லிட்டர் கேனில் பத்துப் பதினைந்து வீட்டுப் பால் ஒன்றாகச் சேருகிறது. அக் கேனின் கழுத்து மடிப்பிலோ மூடியின் ரப்பர் வளையத்திலோ பழைய பாற்கறை ஒட்டியிருக்குமாயின், குளிரூட்டும் நிலையம் சேருமுன் அத்தனை வீட்டுப் பாலும் கெட இடமுண்டு. கறையினுள் வாழும் கிருமிகள் நம் நாட்டு வெப்பத்தில், பாலாகிய நல்லுணவு கிடைத்தவுடன், அரை மணிக்கு ஒரு முறை இரட்டிக்க வல்லவை. அக் கணக்கின்படி ஒரு கிருமி ஐந்து மணி நேரத்தில் 1,024 ஆகும். பத்து மணி நேரத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். பாலைச் சுண்டக் காய்ச்சினால் எல்லாம் சரியாகி விடும் என்பாருமுளர். கிருமிகள் அநேகமாய் மடியுமென்பது மெய்யே. அவை முன்னமே உண்டாக்கி விட்ட புளிப்பு, காய்ச்சுவதால் நீங்குவதில்லை. அன்றியும், கறையினுட் பதுங்கும் கிருமிகளிற் சில வகைகள் பாஸ்டர் முறையிற் சூடேற்றுவதையும் தாங்கிப் பிழைக்கின்றன.

கறை என்பது யாது?

பாலில் தண்ணீரைத் தவிர நான்கு முக்கியப் பொருள்கள் உள்ளன: கொழுப்பு, புரதம், பாற்சர்க்கரை, தாது உப்புக்கள். இந் நான்கும் ஒரே வகையாக நீங்குபவையல்ல. இதனை அறியாமல் கழுவுவதே கழுவியும் கறை தங்குவதற்குக் காரணம்.

பாற்சர்க்கரை தண்ணீரிற் கரைந்து போகும், அதனால் தொல்லையில்லை. கொழுப்பு தண்ணீரிற் கரையாது. ஆறிய பாத்திரத்தில் மெழுகு போல் இறுகி ஒட்டிக்கொள்ளும். சுமார் 40 டிகிரி செண்டிகிரேடு சூட்டில் உருகும். எருமைப்பாலிற் கொழுப்பு ஏறக்குறைய 7 சதவிகிதமும், பசும்பாலில் அதிற் பாதியளவோ சற்று மேலோ இருப்பதனால், எருமைப்பால் புழங்கும் பாத்திரத்துக்கு அதிகக் கவனம் வேண்டும். புரதத்தின் குணம் இதற்கு நேர் மாறானது. குளிர்ந்த நீரிலும் வெதுவெதுப்பான நீரிலும் அது இளகிப் போகும். கொதிநீர் பட்டவுடன் முட்டையின் வெண்கரு போல் இறுகி உலோகத்தைப் பற்றிக்கொள்ளும். தாது உப்புக்களில் முக்கியமானது சுண்ணாம்புச் சத்து. சூடுபட்ட பாலிலிருந்தும், கிணற்று நீரிலிருந்தும் பிரிந்து அது வெண்மையான ஏடாகப் படிகின்றது. இவ்வேட்டினுள் புரதமும் கொழுப்பும் கலந்து நாளுக்கு நாள் கனத்து, மஞ்சள் கலந்த வெண்மையாய்ச் சொரசொரப்பாக நிற்பதையே பாற்கல் என்பர். தேய்த்தாலும் போகாத கறை பெரும்பாலும் இதுவே.

முதல் தவறு எங்கே நேருகிறது?

பாத்திரம் காலியானவுடன் கொதிநீரை ஊற்றிக் கழுவுவது மிகச் சுத்தமான பழக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். மேலே சொன்னவற்றிலிருந்து அதன் தீமை விளங்கும். கொதிநீர் கொழுப்பை உருக்குகிறது. ஆனால் அதே சமயத்திற் புரதத்தைச் சமைத்து ஒட்டவைக்கிறது. பச்சைத் தண்ணீராற் கழுவினாலோ புரதம் நீங்கும், கொழுப்பு நிற்கும். ஆகையால் முதல் அலசலுக்கு 35 முதல் 40 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரே ஏற்றது. வெப்பமானி இல்லாத வீட்டில் இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கொதிக்கும் நீர் ஒரு பங்கும், சாதாரணக் கிணற்று நீர் ஐந்து பங்கும் கலந்தால் ஏறக்குறைய 40 டிகிரியாகும். கொதிநீர் ஒரு பங்குக்குக் கிணற்று நீர் இரண்டு பங்கு வீதம் கலந்தால் 50 டிகிரிக்குச் சற்று மேலிருக்கும். அது அடுத்த படியாகிய காரக் கழுவலுக்கு உதவும்.

அலசும் நேரத்தையும் கவனித்தல் வேண்டும். பால் ஊற்றி முடித்த பத்து நிமிஷத்துக்குள் அலசினால் ஒரு செம்பு நீரோடு போகக்கூடிய பொருள், இரண்டு மணி நேரம் காய்ந்த பின் அரைமணித் தேய்ப்புக்கும் அசைவதில்லை. சங்கத்திலிருந்து திரும்பிய கேனை அப்படியே திண்ணையில் வைத்து விட்டு வயலுக்குப் போவது பலருடைய வழக்கம். உடனே கழுவ இயலாவிடின், ஒரு குடம் நீரையாவது அதில் நிரப்பி வைத்துச் செல்லலாம்.

காரப் பொருள்களைத் தெரிந்தெடுத்தல்

கொழுப்பையும் புரதத்தையும் நீக்க வல்லது காரம். கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரித்து நீரோடு கலக்கச் செய்வதும், புரதத்தை உப்பி இளகச் செய்வதும் அதன் வேலை. நம் வீட்டுப் பெண்கள் அடுப்புச் சாம்பலைக் கொண்டு பாற்செம்பைத் துலக்குவதும் இத் தத்துவத்தின்படியே யாகும். விறகுச் சாம்பலிற் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உள்ளது. பித்தளைச் செம்பை அடுத்தாற்போற் புளியிட்டுத் தேய்ப்பார்கள்; புளியில் டார்டாரிக் அமிலம் உள்ளது. முதலிற் காரம், பின்னர் அமிலம் என்னும் இவ்வரிசையைத்தான் பெரிய பாற்பண்ணைகளும் கையாளுகின்றன. சாம்பலில் உள்ள குறை அதிற் கலந்திருக்கும் மணல். அது உலோகத்திற் கீறல்களை உண்டாக்குகின்றது. பாலைக் கெடுக்கும் கிருமியின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத கீறலும் அதற்கு ஒரு பள்ளத்தாக்குக்குச் சமானம். செங்கற்பொடி, இரும்பு நார் இவற்றையும் இதே காரணத்தால் விலக்க வேண்டும். தேங்காய் நாரும், நீண்ட பிடியுள்ள நைலான் தூரிகையும் போதுமானவை.

சோப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டியது அவசியம். சவர்க்காரம் கொழுப்பை நன்கு நீக்குவது என்னவோ உண்மை. ஆனால் கடின நீரிற் பட்டவுடன் அது அந்நீரிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றோடு கூடிக் கரையாத பிசுக்காக மாறுகின்றது. அப் பிசுக்குப் பாத்திரத்தில் ஒட்டிக் கறைக்கு மேற் கறையாகி விடும். தங்கள் கிணற்று நீர் கடினமானதா என அறிய விரும்புவோர் ஒரு புட்டியில் மழை நீரும், மற்றொன்றிற் கிணற்று நீரும் சம அளவில் எடுத்து, இரண்டிலும் சமமான சிறு துண்டுச் சோப்பையிட்டுக் குலுக்கிப் பார்க்கட்டும். கிணற்று நீரில் நுரை நில்லாமல் வெண்திரையாகப் பிரியுமாயின், அந்நீரில் சோப்பினாற் பாற்பாத்திரம் கழுவுவது வீண். வாசனைச் சோப்பும் துணி வெளுக்கும் வாசனைத் தூளும் எந்நீரிலும் ஆகா. பாற்கொழுப்பு வாசனைகளை விரைவிற் பற்றிக்கொள்ளும். பினாயில் தெளித்த தொழுவத்திற் பாலைத் திறந்து வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சலவைச் சோடா மலிவானது, எங்கும் கிடைப்பது. எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்கு இது தக்கதே. 10 லிட்டர் சூடான நீருக்கு 50 கிராம் நீரற்ற சோடாத் தூள் போதும். கடையில் விற்கும் சோடா படிகமாக இருந்தால், அதில் ஏறக்குறைய 37 சதவிகிதமே சோடா, மீதி தண்ணீர் என்பதை நினைவில் வைத்து, 50 கிராமுக்குப் பதிலாக 135 கிராம் எடுத்தல் வேண்டும். படிகம் காற்றிற் கிடந்து மாவாக உதிர்ந்திருந்தால் நீர் பெரிதும் போய் விட்டதென்று பொருள். அதற்கு அளவைக் குறைக்கலாம். சமையலுக்குரிய ஆப்பச்சோடா வேறு பொருள். அதன் காரம் மிக மென்மையானதாகையால் இவ்வேலைக்குப் பயன்படாது. இரண்டும் ஒன்றே என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் பலர்.

கடின நீரில் சலவைச் சோடாவுக்கும் ஒரு குறையுண்டு. அது நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்து வெண்பொடியாக வீழ்த்துகின்றது. நீர் மென்மையாவது நல்லதே. ஆனால் வீழ்ந்த பொடி பாத்திரத்தின் உட்புறத்திற் படிந்து பாற்கல்லுக்கு அஸ்திவாரமாகின்றது. பாற்பண்ணைகளுக்கென்றே விற்கப்படும் காரத் தூள்களிற் பாஸ்பேட்டு உப்புக்களும், சிலிகேட்டும், கடின நீரிலும் பிசுக்காகாத செயற்கை நுரைப்பொருளும் கலந்திருக்கும். பாலிபாஸ்பேட்டு வகை உப்புக்கள் சுண்ணாம்பை வீழவொட்டாமல் நீரிலேயே தாங்கி நிற்கும். இத் தூள் விலையேறியதாயினும், கிணற்று நீர் கடினமாயுள்ள ஊர்களிற் சங்கங்கள் இதை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தளிப்பது சிக்கனமே. மென்மையான ஆற்று நீர் கிடைக்கும் ஊரில் வெறும் சோடாவே போதும். அங்கே விலையுயர்ந்த தூளை வாங்குவது தண்டச் செலவு.

அலுமினியப் பாத்திரங்களைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்று விடும். அப்போது ஹைட்ரஜன் வாயு பொங்கி எழும். ஒரு தரம் காஸ்டிக் பட்ட கேன் கறுத்துக் குழிந்து, அக் குழிகளெல்லாம் கறைக்கு இருப்பிடமாகி, பின்பு எவ்வளவு தேய்த்தாலும் சுத்தமாகாது. அதனிலும் மெதுவாகவே யெனினும், வெறும் சலவைச் சோடாவும் அலுமினியத்தை அரிக்கக் கூடியதே. சோடியம் மெடாசிலிகேட்டு கலந்திருந்தால் அரிப்பு அடங்குகின்றது. ஆதலின் அலுமினியக் கேன் வைத்திருப்போர், அலுமினியத்துக்குத் தீங்கற்றது என்று உறையில் தெளிவாக அச்சிட்ட காரத் தூளையே வாங்குதல் வேண்டும். காஸ்டிக் சோடா எவர்சில்வரைக் கெடுப்பதில்லை. பெரிய ஆலைகளில் குழாய்களை மூடியவாறே கழுவ அதனை உபயோகிக்கிறார்கள். கையாற் கழுவும் வீடுகளில் அது கூடவே கூடாது. தோலையும் கண்ணையும் வெந்து போகச் செய்யும் பொருள் அது.

கழுவும் முறை

அலசிய பாத்திரத்திற் காரக் கரைசலை ஊற்றி, உட்புறம், கழுத்து, அடிமூலை, கைப்பிடி இணைந்த இடம், மூடியின் உட்பக்கம் ஆகிய எல்லாவற்றையும் தூரிகையாற் தேய்க்க வேண்டும். கறை முதலில் தங்குவது வாய் விளிம்பின் கீழும் இணைப்பு வரிகளிலுமே. ஆனால் தேய்ப்பவர் கை பெரும்பாலும் நடுவயிற்றிலேயே சுழலுகின்றது.

கழுவுதலில் நான்கு காரணிகள் கூடி வேலை செய்கின்றன என்பதை ஜெர்மானிய ரசாயனி ஹெர்பர்ட் ஸின்னர் 1959-ல் ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். மருந்து, சூடு, நேரம், தேய்ப்பு என்பவையே அவை. ஒன்று குறைந்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடு செய்யலாம் என்பது அவ்வட்டத்தின் கருத்து. குடியானவருக்கு இது மிகவும் பயன்படுவதொன்று. விறகு முடையான வீட்டில் நீரைச் சுட வைக்க முடியாவிட்டால் ஊறும் நேரத்தைக் கூட்டலாம். குறுகிய வாயுள்ள செம்பிற் கை நுழையாவிட்டால் சூட்டையும் ஊறலையும் அதிகமாக்கலாம். ஆனால் நான்கில் ஒன்றை அடியோடு விட்டு விட முடியாது. மருந்தை மட்டும் இரு மடங்காக்கித் தேய்க்காமல் விடுவோர் மருந்தைத்தான் வீணாக்குகின்றனர்.

பால் காய்ச்சும் பாத்திரத்தின் அடியிற் பிடித்த காந்தலுக்கும் இதே விதி பொருந்தும். எவர்சில்வர் அல்லது இரும்புப் பாத்திரமாயின், லிட்டருக்கு 10 கிராம் சோடா கலந்த நீரை அடி மூழ்க ஊற்றி, கால் மணி நேரம் மெல்லக் கொதிக்க வைத்து, இறக்கி இரவு முழுதும் விட்டால் மறுநாள் மரத்துடுப்பால் நெம்பியதும் காந்தல் ஏடாகப் பெயரும். கத்தி போட்டுச் சுரண்ட வேண்டியதில்லை. அலுமினியப் பாத்திரத்தில் சோடாவைக் கொதிக்க வைக்கலாகாது. வெறும் நீரை ஊற்றிக் கொதிக்க வைத்து, நீண்ட நேரம் ஊற விட்டு, மரத்துடுப்பைக் கொண்டே நீக்க வேண்டும்.

பாற்கல்லுக்கு அமிலம்

காரம் எவ்வளவு கடுமையாயினும் சுண்ணாம்பைக் கரைப்பதில்லை. அதற்கு அமிலம் வேண்டும். ஆயினும் பால் ஒட்டிய பாத்திரத்தில் முதலிலேயே அமிலத்தை விடுவது பெருந்தவறு. தயிர் உறைவது போலப் புரதம் திரிந்து அங்கேயே பற்றிக்கொள்ளும். கொழுப்பு ஏடு மேலே மூடியிருந்தால் அமிலம் சுண்ணாம்பைத் தொடவும் மாட்டாது. ஆகையாற் காரத்தாற் கழுவி நன்றாக அலசிய பின்னரே அமிலம்.

அமிலங்களிற் பாஸ்பாரிக் அமிலம் பாற்பாத்திரங்களுக்கு மிகவும் உகந்தது. உலோகத்தை அதிகம் தாக்காதது. வியாபாரத்தில் வரும் 85 சதவிகித அமிலத்தில் சுமார் 35 மில்லி லிட்டரை 10 லிட்டர் நீரிற் கலந்தால் அரை சதவிகிதக் கரைசலாகும். நைட்ரிக் அமிலம் எவர்சில்வருக்குத் தீங்கு செய்யாதாயினும் ரப்பரைக் கெடுக்கும், அலுமினியத்தை அரிக்கும், அதன் புகை மார்புக்கு ஆகாது. அது ஆலைகளுக்கே உரியது. வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்கது எலுமிச்சை உப்பு என்று கடைகளிற் கிடைக்கும் சிட்ரிக் அமிலமேயாகும். 2 லிட்டர் சூடான நீரில் 40 கிராம் கரைத்து, தூரிகையால் உட்புறம் முழுதும் பூசி, பத்து நிமிஷம் வைத்திருந்து தேய்த்து அலசலாம். வாரத்துக்கு ஒரு முறை இவ்வாறு செய்தால் பாற்கல் உண்டாவதற்கே இடமில்லை. நீர் மிகவும் கடினமான இடத்தில் வாரத்துக்கு இரு முறை வேண்டியிருக்கும்.

பல மாதமாகப் படிந்து தடித்த பாற்கல் ஒரே பூச்சில் நீங்குவதில்லை. அமிலம் மேலுள்ள சுண்ணாம்பைக் கரைத்ததும் அதனடியிற் புரதம் வெளிப்பட்டு அமிலத்தைத் தடுக்கின்றது. அப்பொழுது அலசி மீண்டும் காரம், அலசி மீண்டும் அமிலம் என மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் உலோகம் தெரியும். பொறுமையற்று, கழிவறைத் தரை கழுவும் உப்புத் திராவகத்தைக் கேனில் ஊற்றியவர்கள் உண்டு. பாற்கல் போய்விடும், கூடவே கேனும் போய்விடும். ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிய அத் திராவகம் எவர்சில்வரையும் குழியச் செய்யும்.

எந்த அமிலத்தைக் கரைக்கும்போதும் நீரில் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. கையுறையும், கண்ணுக்குக் காப்பும் இன்றிச் செறிந்த அமிலத்தைத் தொடுதல் தவறு. கண்ணில் தெறித்து விட்டால் உடனே சுத்த நீரைக் கால் மணி நேரமாவது இடைவிடாது ஊற்றிக் கழுவி, வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கறை இன்னதென்று கண்டறிதல்

மேற்கூறியவற்றையெல்லாம் குருட்டுத்தனமாகச் செய்யாமல், கறை எத்தகையது என்று கண்டு மருந்திடுவது புத்திசாலித்தனம். கழுவிய பாத்திரத்தின் உட்புறத்திற் சுத்தநீரை ஊற்றிச் சாய்த்துப் பார்க்கவும். நீர் ஒரே ஏடாக விரிந்து வழிந்தால் உலோகம் சுத்தம். தாமரையிலை நீர் போலத் துளித்துளியாகப் பிரிந்து நின்றால் அங்கே கொழுப்பு உண்டு. காரக் கழுவலிற் சூடோ தேய்ப்போ குறைந்து விட்டது. காய்ந்த பின் வெள்ளைப் பூச்சு தோன்றி, விரலில் நீறு போல ஒட்டினால் அது சுண்ணாம்பு. ஒரு சொட்டு எலுமிச்சம் பழச்சாற்றை அதன் மீது விட்டுப் பார்த்தால், நுரைத்துக் கரைந்து விடுவது தண்ணீரின் சுண்ணாம்பு. நுரையாமல் மெதுவாக இளகுவது பாலின் சுண்ணாம்பு. நீலமும் ஊதாவும் கலந்த மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய திரை தெரிந்தால் பெரும்பாலும் அது சூட்டில் இறுகிய புரதம். காரத்தில் நெடுநேரம் ஊற வைத்தால் இளகும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோதும் மூக்கு தெரிவிக்கும். மூடியிட்டு வைத்த கேனைக் காலையில் திறந்தவுடன் முகர்ந்து பார்க்க வேண்டும். சுத்தமான உலோகத்துக்கு வாசனையே கிடையாது.

அலசலும் கிருமிநாசமும்

காரம், அமிலம் இவற்றுக்குப் பிறகு அலசுதலை அலட்சியமாக விட்டு விடுவதனாற் குடியானவர் வீண் பழிக்கு ஆளாக நேரிடுகின்றது. புளித்த பாலின் புளிப்பை மறைக்கச் சோடா கலப்பவர்கள் உண்டாகையால், அதனைக் கண்டுபிடிக்க ரோஸாலிக் அமிலப் பரிசோதனை செய்யப்படுகிறது. சோடா கலந்த பால் அதில் ரோஜாச் சிவப்பாக மாறும். நுரைத்தூள் கலப்படத்துக்கும் தனிப் பரிசோதனை உண்டு. பாத்திரத்திற் சோடாவும் தூளும் தங்கி விட்டால், மனமறியக் கலப்படம் செய்யாதவரும் கலப்படக்காரர் என்று சந்தேகிக்கப்படுவார். ஆகையாற் சுத்த நீரால் இரண்டு முறையாவது அலசி, கடைசி அலசல் நீரை விரலிடையில் தேய்த்துப் பார்க்க வேண்டும். வழுவழுப்புத் தோன்றினால் இன்னும் காரம் போகவில்லை.

அலசிய பாத்திரத்தைத் துணியாற் துடைக்கலாகாது. துடைக்கும் துணியிலுள்ள கிருமிகள் அதில் ஏறும். தரையில் கவிழ்ப்பதும் தவறு. மூங்கிலாலோ இரும்புக் கம்பியாலோ இடுப்புயரத்துக்குத் தட்டி கட்டி, வெயில் படும்படி அதன்மேற் கவிழ்த்து வைத்தால், நீர் வடிந்து காற்று உட்புகும். ஈரமின்றிக் கிருமி பெருகாது. இச் செலவில்லாத வேலை நம் நாட்டு வெயிலில் செய்து தரும் நன்மை மிகப் பெரிது.

கறப்பதற்குச் சற்று முன் பாத்திரத்தைக் குளோரின் நீரால் அலம்புவது மேலும் நன்று. லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் இருத்தல் வேண்டும். 4 சதவிகிதச் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலாயின் 10 லிட்டர் நீருக்கு 50 மில்லி. 30 சதவிகிதக் குளோரினுள்ள புதிய பிளீச்சிங் பவுடராயின் சுமார் 7 கிராம் கரைத்துத் தெளிய வைத்துத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடரிற் பலம் இராது. இரண்டு நிமிஷம் பட்டாற் போதும். பிறகு கொட்டி வடித்து விடலாம். முதல் நாள் இரவே ஊற்றி ஊற வைப்பதால் உலோகம் அரிக்குமேயன்றி அதிக நன்மையில்லை. கறையுள்ள பாத்திரத்தில் குளோரின் ஊற்றுவதும் வீண்; கிருமியை அடையுமுன் கறையே குளோரினைத் தின்று தீர்த்து விடும்.

இங்கே உயிருக்கே ஆபத்தான ஒரு தவறு நேரக்கூடும். அமிலமும் குளோரின் மருந்தும் ஒருபோதும் ஒன்று கலக்கலாகாது. கலந்தால் பச்சை மஞ்சள் நிறமான குளோரின் வாயு வெளிப்பட்டு மூச்சை அடைக்கும். அமிலத்தாற் கழுவிய பின், நன்றாக அலசாமல் பிளீச்சிங் நீரை ஊற்றுவதும் கலப்பதேயாகும். இரண்டு புட்டிகளையும் வெவ்வேறு அலமாரியில், பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கெட்டாதபடி வைத்தல் வேண்டும். குடிநீர்ப் புட்டிகளில் இவற்றை ஊற்றி வைப்பவர்களை என்னென்று சொல்வது!

வடிதுணி, ரப்பர், பிளாஸ்டிக்

பாத்திரம் சுத்தமாயிருந்தும் பால் கெடுவதற்கு வடிதுணி காரணமாவதுண்டு. ஈரத்தோடு சுருட்டி ஆணியில் மாட்டிய துணி, மறுவேளைக்குள் கிருமிப் பண்ணையாகி விடும். ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான நீரில் அலசி, சோடா நீரிற் கசக்கி, மீண்டும் அலசி, கால் மணி நேரம் கொதிக்க வைத்து, வெயிலில் விரித்து உலர்த்த வேண்டும். இரண்டு துணிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் வேலை எளிதாகும்.

கேன் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றாமற் கழுவுவோர் மிகப் பலர். அதன் அடியிலுள்ள பள்ளமே கேனின் மிக அழுக்கான இடம். பால் கறக்கும் இயந்திரம் வாங்கியவர்களுக்கு இக்கவலை இன்னும் அதிகம். மடிக்காம்பிற் பொருந்தும் ரப்பர் உறை கொழுப்பை உறிஞ்சி உப்பி வெடிக்கும் தன்மையது. வெடிப்பு விழுந்த ரப்பரைக் கழுவிப் பயனில்லை. மாற்றியே ஆக வேண்டும். பிளாஸ்டிக் குடங்கள் இலேசாயிருப்பதாற் பலரும் விரும்புகின்றனர். அவை எளிதிற் கீறுபடும்; கொழுப்பின் வாடையையும் விடாது பற்றும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களும் பாலுக்கு ஆகாதவையே. செம்பின் சிறு அணுவும் கொழுப்பைச் சிக்கெடுக்கச் செய்கின்றது. புதிதாக வாங்குவோர், உள்ளே மடிப்பும் பற்றவைத்த மேடும் இல்லாத, வழவழப்பான, கை நுழையும் வாயுடைய எவர்சில்வர்ப் பாத்திரத்தைத் தெரிந்தெடுத்தால் மேற்சொன்ன வேலைகளிற் பாதி குறையும்.

கழுவிய நீரை எங்கே விடுவது என்னும் கேள்வியும் உண்டு. முதல் அலசல் நீரிற் பாலே கலந்திருப்பதால் அதனை மாட்டுக்குக் காட்டலாம். சோடா நீரை நாள்தோறும் ஒரே வாய்க்காலில் விட்டால், சோடியம் தேங்கி மண் களராகும். வாழை, காய்கறிப் பாத்திகளில் அதனை விடக் கூடாது. நிறைய நீர் சேர்த்து, இடத்தை மாற்றி மாற்றி, பயிரற்ற தரையில் ஊற்றலாம். அமில நீரையும் குளோரின் நீரையும் வெவ்வேறு வேளையில், வெவ்வேறு இடத்தில் கொட்டுதல் வேண்டும். கிணற்றடியிலும் மாட்டுத் தொட்டியின் அருகிலும் ஒன்றும் கொட்டலாகாது.